பதினான்கு வயதில் கீழிறங்கிய கோடு

1985இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரப் பள்ளிகளில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 1970இல் பிறந்து அப்போது பதினைந்து வயதில் இருந்த பிள்ளைகளின் வளர்ச்சி அட்டைகளைப் பள்ளி நர்ஸுகளின் துணையோடு எடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி அட்டை என்றால் நம் ஊர் அங்கன்வாடியில் கைக்குழந்தைக்குப் போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். கீழே வயது, பக்கவாட்டில் எடை, எடை பார்க்கும்போதெல்லாம் ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தால் மேலே ஏறிப் போகும் ஒரு கோடு. அங்கே அந்த அட்டை பள்ளிப் படிப்பு முழுவதும் பிள்ளையோடு கூடவே வந்தது. சிலருடைய அட்டையில் மட்டும் பதிமூன்று, பதினான்கு வயதில் கோடு ஏறாமல் நின்றிருந்தது. சிலருக்குக் கீழே இறங்கியிருந்தது.

கிறிஸ்டோபர் கில்பெர்க், மரியா ராஸ்டம் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டில் பிறந்தவர்கள், அதை ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவர்கள் என்று மொத்தம் 51 பேர் கிடைத்தார்கள். 48 பெண்கள், 3 பையன்கள். அனோரெக்ஸியா நெர்வோசா, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போகும் நோய், இவர்களுக்குச் சராசரியாகப் பதினான்கு வயதில் தொடங்கியிருந்தது. அதே வயது, அதே மாதிரிப் பள்ளி என்று ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத இன்னொரு 51 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் இரண்டு கூட்டத்தையும் விடவில்லை. 6 வருஷம் கழித்து, 10 வருஷம் கழித்து, 18 வருஷம் கழித்து, கடைசியாக 30 வருஷம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். பின்னாளில் எலிசபெட் வென்ட்ஸ் இந்த வேலையை முன்னெடுத்துப் போனார். முப்பதாவது வருஷம் பார்த்தபோது அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாற்பத்து நான்கு வயது ஆகியிருந்தது. அந்தக் கணக்கு 2020இல் வெளியானது.

ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நோய் இருப்பதைவிடக் கொடுமையாகத் தெரியும். இவர்களை ஊருக்குள் போய்த் தேடிக் கண்டுபிடித்தார்கள். உண்ணல் கோளாறுகள், அதாவது சாப்பாட்டைச் சுற்றி வரும் மனநோய்கள் பற்றிய ஆய்வுகளில் நான் அதிகம் நம்புவது இதைத்தான் என்பதற்கு அது ஒரு காரணம்.

முதலில் நல்ல செய்தி. முப்பது வருஷத்தில் இந்த 51 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. 64 சதவீதம் பேர் முழுக்க மீண்டிருந்தார்கள். மீதிப் பேரில், மொத்தத்தில் 19 சதவீதம் பேருக்கு அந்த வயதிலும் ஏதாவது ஒரு உண்ணல் கோளாறு இருந்தது. 38 சதவீதம் பேருக்கு வேறு மனநலப் பிரச்சினைகள் இருந்தன. இந்த எண்களையெல்லாம் தாண்டி என்னை நிறுத்திய எண் வேறு ஒன்று. முப்பது வருஷத்தில் இவர்கள் நோயோடு வாழ்ந்த காலம் சராசரியாகப் பத்து வருஷம்.

சரி, பத்து வருஷம்தானே, மீதி இருபது வருஷம் நன்றாகத்தானே இருந்தார்கள் என்று கேட்கலாம். அது எந்தப் பத்து வருஷம் என்று பார்க்க வேண்டும். நோய் தொடங்கியதே பதினான்கில், அங்கிருந்து இருபதுகளுக்குள் போகும் வருஷங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை, கல்லூரி, ஹாஸ்டல், முதல் காதல், அது உடைந்து போவது, முதல் சம்பளம், அப்பா அம்மாவோடு சண்டை போட்டுப் பிறகு சமாதானம் ஆவது எல்லாம் நடக்கும் காலம் அது. மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் அந்த வயதில் இந்தப் பிள்ளையின் மூளை வேறு கணக்கில் மூழ்கிக் கிடக்கிறது: காலையில் என்ன சாப்பிட்டேன், மதியம் எப்படித் தப்பிக்கலாம், நாளைக்கு அத்தை வீட்டில் விருந்து இருக்கிறதே, என்ன சொல்லிச் சமாளிப்பது. நோய் விலகும்போது கூடப் படித்தவர்கள் எங்கோ போயிருப்பார்கள். பதினெட்டாவது வருஷத்தில், அதாவது முப்பத்திரண்டு வயதில் பார்த்தபோது உண்ணல் கோளாறு எஞ்சியிருந்தது 12 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் மனநலக் காரணங்களால் வேலைக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் நான்கில் ஒருவர். இரண்டுக்கும் இருக்கும் இந்த இடைவெளிதான் நீண்டகால விளைவு.

இந்த நோய்கள் எவை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனோரெக்ஸியா மேலே சொன்னது. புலிமியா என்பது கட்டுப்பாடு இழந்து அள்ளிச் சாப்பிடுவதும், பிறகு குற்றவுணர்வில் அதை எப்படியாவது ஈடுகட்டத் துடிப்பதும் மாறி மாறி வருவது. ஈடுகட்டும் பகுதி இல்லாமல் அள்ளிச் சாப்பிடுவது மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது பிஞ்ச் ஈட்டிங். எதிலும் சரியாகப் பொருந்தாதவர்கள்தான் ஏராளம். நாம் மனதில் வைத்திருக்கும் எலும்பும் தோலுமான உருவம் இதில் ஒரு சிறு பகுதிக்கே பொருந்தும். புலிமியா உள்ளவர் உங்கள் பக்கத்து சீட்டில் சாதாரண எடையோடு உட்கார்ந்திருப்பார். பையன்கள் விஷயத்தில் இன்னும் சிக்கல். மெலிய வேண்டும் என்பதைவிட உடம்பு முறுக்கேற வேண்டும் என்று அவர்கள் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவதால் அதை டிசிப்ளின் என்று சொல்லித் தட்டிக்கொடுக்கிறோம்.

பசி மனதை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து மைதானத்தின் அடியில் இருந்த அறைகளில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வது நோக்கம். துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று கொள்கை ரீதியாக மறுத்த இளைஞர்களிலிருந்து 36 பேர் முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். 24 வாரம் உணவைப் பெருமளவு குறைத்தார்கள். உருளைக்கிழங்கு, ரொட்டி, டர்னிப், மக்ரோனி, அதுவும் தினம் இரண்டு வேளை. ஆளுக்கு உடல் எடையில் கால்வாசி போயிற்று.

எடை போனது எதிர்பார்த்ததுதான். அவர்கள் குணம் மாறியதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. வாழ்நாளில் அடுப்பங்கரைப் பக்கம் போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். தட்டில் வைத்ததைக் கலந்து, பிசைந்து, மணிக்கணக்கில் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். சூயிங்கமும் காபியும் அளவில்லாமல் போயின. சிரிப்பும் நண்பர்களும் வேண்டாமல் போனார்கள், பெண்கள் மேல் இருந்த நாட்டம் மறைந்தது. எரிச்சல், அழுகை, கவனம் நிற்காமை. ஒருவர் கோடாரியால் தன் கை விரல்கள் மூன்றை வெட்டிக்கொண்டார், தெரியாமல் பட்டதா, வேண்டுமென்றே செய்தாரா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. உணவைத் திரும்பக் கொடுத்த பிறகும் உடனே சரியாகவில்லை. வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் பல மாதம் தவித்தார்கள். வயிற்றுப் பக்கம் சதை முதலில் திரும்பியபோது, மெலிவதைப் பற்றி அதுவரை நினைத்தே பார்க்காத அந்த ஆண்களில் சிலர் தாங்கள் குண்டாகிவிட்டதாகக் கவலைப்பட்டார்கள்.

இதைப் படித்த பிறகு சில வீட்டுக் காட்சிகள் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. பத்தாவது படிக்கும் பெண் யூடியூப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள், நின்று பரிமாறுகிறாள், தான் மட்டும் அப்புறம் சாப்பிடுகிறேன் என்கிறாள். பொறுப்பான பிள்ளை என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வார். அது பொறுப்பாகவே இருக்கலாம். அவள் முகம் ஒட்டிப்போய், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்து, மாதவிடாய் நின்று போயிருந்தால் அது பசியாகவும் இருக்கலாம். அவள் குணமே இப்படி மாறிவிட்டது, பிடிவாதம், திமிர் என்று நாம் வாசிக்கும் பலவற்றைப் பட்டினி போட்டால் திடகாத்திரமான இளைஞனும் செய்வான் என்பதை அந்த மைதானத்து அறைகள் காட்டின.

மினசோட்டா இளைஞர்கள் சில மாதங்களிலோ, ஓரிரு வருஷத்திலோ பழைய நிலைக்குத் திரும்பினார்கள். கோதன்பர்க் பிள்ளைகளுக்குப் பத்து வருஷம் ஆனது. ஏன்?

இளைஞர்களுக்குப் பசி வெளியிலிருந்து வந்தது, சோதனை முடிந்த நாளில் அது போக வேண்டும் என்றுதான் அவர்கள் காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கோ சாப்பிடாமல் இருப்பது ஏதோ ஒன்றைத் தணிக்கிறது. வால்டர் கேய் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு 2004இல் உண்ணல் கோளாறு கொண்ட 672 பேரை விசாரித்தபோது மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வாழ்வில் ஏதாவது ஒரு கட்டத்தில் பதற்றக் கோளாறு இருந்தது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது சிறு வயதிலேயே, சாப்பாட்டுப் பிரச்சினைக்கு முன்பே வந்திருந்தது. ஹோம்வொர்க் நோட்டில் ஒரு எழுத்து பிசகினால் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதும் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எதுவும் அவள் கைக்குள் இல்லை, தட்டு மட்டும் இருக்கிறது. முதல் தடவை மறுத்தபோது கிடைத்த நிம்மதிக்காக மறுபடி மறுக்கிறாள். நூறாவது தடவைக்குள் நிம்மதி போய்விடும், மறுப்பு மட்டும் நிற்கும். 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அனோரெக்ஸியா உள்ளவர்களை உணவுப் படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்றவர்களைவிட இவர்களுக்கு, பழக்கங்களோடு தொடர்புள்ள டார்சல் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதி அந்த நேரத்தில் கூடுதலாக வேலை செய்தது. வீட்டுச் சாவியை எந்தப் பையில் போட்டோம் என்று யோசிக்காமல் கை போகிறதே, அந்த மாதிரிக் கை தட்டைத் தள்ளுகிறது. புத்திமதி சொல்லி இதை மாற்ற முடியாததற்கு இது ஒரு விளக்கம்.

பரம்பரையும் இருக்கிறது. 2019இல் ஏறக்குறைய 17,000 அனோரெக்ஸியா நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்ததில் எட்டு இடங்களில் தொடர்பு தெரிந்தது. மனநோய்களோடு மட்டுமல்ல, உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் அந்த இடங்களுக்கு உறவு இருந்தது. அம்மா வளர்த்த விதம் சரியில்லை என்று குற்றம் சாட்டும் பெரியம்மாக்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லலாம்.

மூளையைப் பற்றி இன்னொன்று. நோய் உச்சத்தில் இருக்கும்போது மூளையின் சாம்பல் நிறப் பகுதி மெலிகிறது. பல நாடுகளின் எம்ஆர்ஐ படங்களைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வெளிவந்த ஆய்வில், மற்ற மனநோய்களில் காணப்படுவதைவிட இந்தக் குறைவு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை அதிகம் என்று தெரிந்தது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் எடை ஏற ஏற அது பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. எலும்பு அவ்வளவு தாராளம் இல்லை. பதின்வயதில் சேர்க்க வேண்டிய கால்சியத்தைத் தவறவிட்டால் முப்பதில் அதை முழுதாக ஈடுகட்டுவது கடினம்.

பிற்கால மனநலத்துக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தில் 717 பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் வருஷக்கணக்கில் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. பதின்வயதில் உண்ணல் கோளாறு இருந்தவர்களுக்கு இளம் வயதில் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, நீங்காத உடல்வலி, தற்கொலை முயற்சி எல்லாமே கூடுதலாக இருந்தன. உயிரிழப்புக் கணக்கும் இருக்கிறது. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கட்டுரையின்படி அனோரெக்ஸியா உள்ளவர்கள் இறக்கும் விகிதம் அதே வயதினரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. அந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை. ஆஸ்பத்திரிக் கணக்குகள் அதிகம் கலந்திருப்பதால் கோதன்பர்க்கைவிட இந்தப் படம் இருட்டாக இருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

எந்த ஆய்விலும் எண்ணாக வராத விளைவும் உண்டு. நம் ஊரில் சாப்பாடு என்பது கூடிச் செய்யும் காரியம். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காருபவர் உங்கள் இலையைப் பார்ப்பார், வேண்டாம் என்று கை மறைத்தாலும் பரிமாறுபவர் ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வார். பதினைந்தில் நோய் வந்து இருபத்தைந்தில் மீண்ட பெண்ணுக்கு இந்த இலை வெறும் இலை இல்லை. கல்யாணத்துக்கு வராமல் இருக்கக் காரணம் தேடுவாள். கொஞ்ச நாளில் யாரும் கூப்பிட மாட்டார்கள். கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் ஒதுங்கி நிற்பதும், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு மாறிய நிலையில் திரும்பத் தலைகாட்டுவதும் மருத்துவர்கள் அறிந்தது. வளைகாப்பில் ஏழு வகைச் சாதத்தை முன்னால் வைத்து, ‘இன்னும் ரெண்டு வாய்’ என்று சுற்றி நின்று ஊட்டுபவர்களுக்கு அவள் பதினைந்து வயதுக் கதை தெரிந்திருக்காது. பிள்ளை பிறந்து மூன்றாம் மாதத்தில், ‘என்னடி இப்படி ஊதிட்டே’ என்பவர்களுக்கும் தெரியாது.

இந்தப் பேச்சு வழக்கையே கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘இளைச்சுப் போயிட்டியே’ என்பது என் பாட்டி காலத்தில் கவலை. கேட்ட கையோடு ஒரு தம்ளர் பாலும் வரும். ‘பூசினாப்ல இருக்கா’ என்பது பாராட்டு. இப்போது முதலாவதைச் சொன்னால் தேங்க்ஸ் என்கிறார்கள், இரண்டாவதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஃபிஜித் தீவு உதாரணம். ஆன் பெக்கர் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் 1995இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலும், மறுபடி 1998இலும் பள்ளி மாணவிகளிடம் ஒரே வினாத்தாளைக் கொடுத்தார். வாட்டசாட்டமான உடம்பைக் கொண்டாடிய சமூகம் அது. உண்ணல் கோளாற்றின் அறிகுறி கொண்டவர்கள் மூன்றே வருஷத்தில் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக ஏறியிருந்தார்கள். அது வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு பெட்டி இருந்த காலம்.

இந்தியாவில் இது இல்லை என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தோம். 1990களில் சென்னை மனநல மருத்துவர்கள் கல்லூரி மாணவர்களிடையே ஆராய்ந்து, மேலைநாட்டு அளவுக்கு முற்றாத, ஆனால் அலட்சியப்படுத்த முடியாத ஒரு நிலையை உண்ணல் துன்பம் என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார்கள். இங்கே வரும் பிள்ளைகள் பலர் குண்டாகிவிடுவேன் என்று சொல்வதில்லை. சாப்பிட்டால் குமட்டுகிறது, வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்கிறார்கள். ஹாங்காங்கிலும் இதேபோல எடைப் பயம் சொல்லாத நோயாளிகளைப் பற்றி சிங் லீ விரிவாக எழுதியிருக்கிறார். விரதமும் குழப்புகிறது. வட இந்திய மாணவிகளிடம் மேலைநாட்டு வினாத்தாளைக் கொடுத்தபோது பசித்தாலும் சாப்பிடாமல் இருப்பது பற்றிய கேள்விகளுக்குச் சிலர் நோன்பை நினைத்துப் பதில் எழுதியிருந்தார்கள். அது நோய் இல்லை. ஆனால் திங்கள், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி என்று பதினாறு வயதுப் பெண் திடீரென்று எல்லா விரதத்தையும் பிடித்துக்கொண்டால், பக்திக்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதில் சாமிக்குற்றம் ஒன்றும் இல்லை.

வயிற்று வலி என்று சொன்னால் வயிற்று டாக்டரிடம்தான் போவோம். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், கேஸ் மாத்திரை, நாட்டு மருந்து, கடைசியில் திருஷ்டி கழிப்பு என்று ஒன்றரை வருஷம் அலைந்தது. ஒரு இடத்தில் ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பெண் நடிக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லா ஃபைலிலும் எடை குறித்திருந்தது, ஒவ்வொரு தடவையும் குறைந்திருந்தது. பக்கத்துப் பக்கம் புரட்டி யாரும் ஒப்பிடவில்லை. 2025 மார்ச்சில் கேரளத்தில் எடை கூடும் பயத்தில் சாப்பாட்டை மாதக்கணக்கில் ஒதுக்கிய பதினெட்டு வயது மாணவி இறந்த செய்தி வந்தபோது, முதலில் எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஃபைல்தான். இன்றைக்கு அந்த அம்மா கேட்டால் முதலில் 14416க்குப் போன் செய்யச் சொல்வேன். அரசின் டெலி மானஸ் எண் அது, காசில்லை, தமிழில் பேசலாம்.

தாமதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பதில் காலத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980களில் பெற்றோரையே சிகிச்சையில் இறக்கும் முறையைச் சோதித்தார்கள். சின்ன வயதில் தொடங்கி, மூன்று வருஷத்துக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு அது நன்றாக வேலை செய்தது. நோய் பழகிப்போனவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. 2010இல் அமெரிக்காவில் 121 பிள்ளைகளிடம் செய்த சோதனையில், சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்து, குடும்ப முறையில் 49 சதவீதம் பேரும் தனிச் சிகிச்சையில் 23 சதவீதம் பேரும் முழுதாக மீண்டிருந்தார்கள்.

முறை கேட்க எளிது. நோயை மருந்தாலோ பேச்சாலோ முதலில் துரத்தப் பார்ப்பதில்லை. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்ற முடிவைக் கொஞ்ச காலத்துக்குப் பிள்ளையின் கையிலிருந்து பெற்றோர் வாங்கிக்கொள்கிறார்கள். மருத்துவர் எடையையும் ரத்தத்தையும் கவனித்துக்கொள்வார். ரொம்ப மெலிந்த உடம்புக்குத் திடீரென்று அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து என்பதால் அந்தக் கண்காணிப்பு கட்டாயம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம். இரண்டு இட்லிக்கு முன்னால் ஒன்றே கால் மணி நேரம். அப்பா ஆபீஸுக்கு லேட். தம்பி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறான். பெண் அழுகிறாள், தட்டைத் தள்ளுகிறாள், ‘உங்களுக்கு என்னைப் பிடிக்கவே இல்லை’ என்கிறாள். அம்மா திட்டாமல், கெஞ்சாமல், எழுந்தும் போகாமல், ‘கஷ்டமாத்தான் இருக்கும்மா, தெரியுது, இன்னொரு வாய்’ என்று உட்கார்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இதற்கு நேர் எதிரான இரண்டு வழக்கம் கைவசம் உண்டு. ஒன்று, அடித்து ஊட்டுவது. இன்னொன்று, பசித்தால் தானே சாப்பிடுவாள் என்று விட்டுவிடுவது. இரண்டாவதை நம்பி எத்தனை மாதங்கள் போகின்றனவோ, அத்தனையும் அந்தப் பத்து வருஷக் கணக்கில் சேரும்.

முற்றிப்போனவர்களையும் கைவிட வேண்டியதில்லை. பாஸ்டனில் 22 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றில், ஒன்பதாவது வருஷத்தில் அனோரெக்ஸியாவிலிருந்து மீண்டவர்கள் 31 சதவீதம்தான். இருபத்திரண்டாவது வருஷத்தில் 63 சதவீதம். இனி மாறாது என்று குடும்பமே முடிவுகட்டிய பிறகு மாறியவர்கள் இவர்கள்.

தொடக்கம் எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு சாதாரண டயட். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநில மாணவர்களை மூன்று வருஷம் பின்தொடர்ந்து 1999இல் ஜார்ஜ் பேட்டன் குழு எழுதியது: கடுமையான டயட்டில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு, டயட்டே இல்லாதவர்களைவிட உண்ணல் கோளாறு வரும் வாய்ப்பு 18 மடங்கு. டயட் இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. தெரிவது அந்தக் கோடு மட்டும்தான், அதுவும் யாராவது வரைந்திருந்தால்.

போன மாதம் பழைய டிரங்குப் பெட்டியில் என் பத்தாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு கிடைத்தது. மார்க்குக்குக் கீழே உயரம், எடை என்று இரண்டு கட்டம். மூன்று பருவத்துக்கும் எடை 42 கிலோ என்றே இருந்தது. அந்த வருஷம் நான் கிடுகிடுவென்று வளர்ந்து இரண்டு பேன்ட் மாற்றியது ஞாபகம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் எடை மெஷின் எதுவும் வந்ததில்லை. வாத்தியார் பேர் கூப்பிடுவார், எவ்வளவுடா இருப்பே என்று கேட்பார், சொன்னதை எழுதிக்கொள்வார்.